ஹிந்தியில் பேசச் சொன்னேன்

பம்பாய்ச் செம்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த தர்ம ஆஸ்பத்திரியில், பேச்சுப் பயிற்சிக்கென்று கொடுத்த அறை அதற்கு முன்பு அழுக்குத் துணி மூட்டைகளைப் போட்டுவைத்த அறை. ஒரே ஜன்னல். அதற்குக் கீழே ஆட்டோ ஸ்டாண்டு. ஒரு குழந்தை தயங்கித் தயங்கி வாயைத் திறக்கும் நேரத்தில்தான் கீழே யாராவது வண்டியைக் கிளப்புவார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. மாட்டுங்காவில் வீடு. காலையில் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் என் வேலையைப் பற்றிக் கேட்பார்கள். சொன்னதும், "பேசக் கத்துக்குடுக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்பார்கள். அப்பா சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். திக்குகிற பையன்கள், உதட்டுப் பிளவைத் தைத்த பிறகும் மூக்கால் பேசுகிற குழந்தைகள், காது கேட்காததால் பேச்சே தெரியாத குழந்தைகள் என்று நாள் முழுவதும் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும்? அந்த வயதில், என் படிப்பில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு தாய் வந்தாள். தாராவியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள்: அவள், அவள் கணவர், நாலரை வயதுப் பெண் குழந்தை. அவருக்குத் தாராவியில் சிறிய தோல்பைப் பட்டறை. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவர் என்னிடம் ஹிந்தியில் ஆரம்பித்தார். நான் தமிழில் பதில் சொன்னதும் அந்தத் தாயின் முகம் மாறியதை இன்றும் என்னால் பார்க்க முடிகிறது. முந்தானையை முக்காடாக இழுத்துப் பிடித்திருந்த கையைத் தளர்த்திக்கொண்டு, நாற்காலியின் நுனியிலிருந்து நன்றாக உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா, இவளுக்குக் காது நல்லாக் கேக்கும். அடுத்த தெருவுல குல்ஃபிக்காரன் மணி அடிச்சா இங்கன இருந்து எந்திச்சு ஓடுவா. பேச்சுதான் வரல. மத்தபடி நல்ல வெவரம்."

நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன். அவளுக்கு அது போதும்.

காதைச் சோதித்தோம். அவள் சொன்னது சரிதான். நாக்கு, அண்ணம் எல்லாம் நன்றாக இருந்தன. குழந்தைக்கு மொத்தம் எட்டு வார்த்தைகள் இருந்தன. தாயிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். உம்மாவை 'ம்மா' என்பாள். வாப்பாவை 'பாப்பா' என்பாள். 'தா', 'வா', 'இல்ல', தண்ணீருக்கு 'த்தண்ணி', பூனைக்கு ஒரு சத்தம், பட்டறையில் இருக்கும் தையல் மெஷினுக்கு ஒரு சத்தம். நாலரை வயதுக்கு அது மிகக் குறைவு. பால்வாடியில் மந்தபுத்தி என்று சொல்லி, பயிற்சி கொடுக்கிற இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வருஷம் ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பது தகப்பனாரின் விருப்பம்.

படித்ததை அப்படியே சொன்னேன். "வீட்ல தமிழ், தெருவுல ஹிந்தி, பால்வாடில மராட்டி. ஏற்கெனவே பேச்சு தாமதமா வர்ற குழந்தை. எதைன்னு பிடிச்சுப்பா? ஒரே பாஷையா வெச்சுக்கோங்கோ. ஸ்கூல் ஹிந்தின்னா வீட்லயும் ஹிந்தியே பேசுங்கோ."

தகப்பனாருக்குத் திருப்தி. "நானும் அதத்தான் சொல்லுதேன்," என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் என்னிடம் கேட்டாள்: "அப்ப தமிழே பேசக் கூடாதா?"

"இப்போதைக்கு வேண்டாம்."

அவள் சரியென்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் நான் வேறெதையும் பார்க்கவில்லை. அடுத்த குழந்தை வெளியே காத்திருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவள் மட்டும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மழை வந்தபோதும் வந்தாள். சேலை முழங்கால்வரை நனைந்திருக்கும், குழந்தை மட்டும் நனையாமல் இருக்கும். நான் கண்ணாடி முன்னால் குழந்தையை உட்காரவைத்து வாயசைவைக் காட்டுவேன். மெழுகுவத்தியை ஊதச் சொல்வேன். படம் போட்ட அட்டைகளைக் காட்டி ஹிந்தியில் பேர் சொல்வேன். அட்டைகள் எப்போதோ யாரோ இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை. பனியில் சறுக்கும் வண்டியும், கணப்பும், கம்பளிக் கையுறையும் இருக்கும். அந்தக் குழந்தை மரியாதையாகப் பார்க்கும். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிடும்.

மூன்று மாதம் போனது. நான் மறுபடி வார்த்தைகளைக் கணக்கெடுத்தேன். எட்டு இருந்த இடத்தில் ஐந்து இருந்தன. 'வா' இல்லை, 'தா' இல்லை, 'த்தண்ணி' இல்லை. எதையாவது கேட்க வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல, எரிச்சல். என் பயிற்சியில் குறை இருக்கும் என்று தோன்றவே இல்லை. "வீட்ல பேசறேளா இல்லையா?" என்று தாயிடம் கேட்டேன். "வாரத்துல ஒரு மணி நேரம் நான் பேசினாப் போறாது. நீங்கதான் பேசணும். பேசவே இல்லேன்னா எப்படி வரும்?" அவள் தரையைப் பார்த்தாள். முதல் நாள் அவ்வளவு பேசிய பெண் என்பது எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேஸ் தாளில் எழுதினேன்: தாய் வீட்டில் ஒத்துழைப்பதில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவி ஒரு மராட்டிய அம்மாள். வாரத்தில் இரண்டு நாள் வருவார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார். அந்தத் தாளைப் படித்துவிட்டு, "வீட்டைப் பார்த்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பார்க்காமல் இந்த வரியை எழுதாதே. போய்ப் பார்த்துவிட்டு வா."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். மாட்டுங்காவிலிருந்து தாராவி நடந்தே போகிற தூரம்தான். இருபத்து மூன்று வருஷத்தில் நான் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. ரயிலிலிருந்து பார்த்ததோடு சரி. தொண்ணூறடி ரோட்டில் ஒரு கடையில் பட்டறையின் பேரைச் சொன்னேன். கடைக்காரர் தமிழிலேயே வழி சொன்னார். சந்துகள் குறுகிக்கொண்டே போயின. பதப்படுத்திய தோலின் வாடையும் பசையின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. பட்டறையில் நாலு பேர் மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். தகப்பனார் சரக்கு கொடுக்க வெளியே போயிருந்தார். "உம்மா மேல இருக்காவ," என்று ஒருவர் இரும்பு ஏணியைக் காட்டினார்.

மேலே ஒரே அறை. ஏணியில் பாதி ஏறியதும் என் தலை தரைக்கு மேலே வந்துவிட்டது, அப்படியே நின்றேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மணிபர்ஸ் ஓரங்களுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில், பைகளுக்குத் தைக்கும் பக்கிள்களை அடுக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடப் போனது. அவள் விரலைச் சொடுக்கினாள். அது நிமிர்ந்தது. அவள் கையால் தள்ளிவைக்கச் சொன்னாள். அது தள்ளிவைத்தது. எல்லாம் கச்சிதமாக நடந்தது, ஒரு சத்தமும் இல்லாமல்.

பிறகு குழந்தை எழுந்து வந்து, தாயின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பியது. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிற முகம். அவள் சிரித்தாள். உதட்டைத் திறக்காமல் சிரித்தாள். தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு மறுபடி பசைத் தூரிகையை எடுத்தாள்.

நான் தொண்டையைச் செருமினேன். அவள் திரும்பிப் பார்த்து, பதறி எழுந்தாள். பாய் விரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னாள். டீ கொண்டுவந்த அந்தப் பெண், இவளைவிட வயதில் மூத்தவள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த டாக்டரா? நல்லா இருக்கு போங்க. இவ எப்படிப் பேசுவா தெரியுமா? கொழாயடியில இவ பேச்சுதான் கேக்கும். இப்பம் பிள்ளைய வச்சுக்கிட்டு வாயத் தொறக்க மாட்டேங்கா. கேட்டா, டாக்டரம்மா சொல்லிருக்காங்கன்னு சொல்லுதா."

"நீ போக்கா," என்றாள் இவள். அந்தப் பெண் போகவில்லை. சுவரோரம் நின்றாள்.

நான் கேட்டேன்: "நான் என்ன சொன்னேன்?"

"தமிழ்ல பேசாதியன்னு சொன்னியல்லா. ஹிந்தியில பேசச் சொன்னிய." அவள் குரல் தாழ்ந்தே இருந்தது. "எனக்கு ஹிந்தி எங்கன தெரியும்? கடைக்காரன்ட்ட வெல கேக்க 'கித்னா'ம்பேன். தண்ணின்னா 'பானி', இங்கன வான்னா 'இதர் ஆவ்'. அதோட முடிஞ்சிரும். பிள்ளைட்ட அத வச்சு என்னத்தப் பேச? நான் பாட்டுக்குத் தமிழ்ல பேசி, அவளுக்கு வர்றதும் வராமப் போயிட்டா? அதான் பேசாம இருக்கேன். இவ வாப்பா வந்தா ஹிந்தியில பேசுவாவ. அவ்வொ வர்றதுக்குள்ள இவ தூங்கிருவா."

"தூங்க வைக்கறப்போ?"

"தட்டிக்குடுப்பேன்."

"பாட்டு?"

அவள் தலையை அசைத்தாள். இல்லை என்று. அதைக்கூட வாயால் சொல்லவில்லை.

டீ கையில் ஆறிப்போயிற்று. குழந்தை என் பையின் வாரை ஆராய்ந்துகொண்டிருந்தது. மூன்று மாதமாக ஒரு வீட்டில் பேச்சை நிறுத்தியவள் நான். அதுவும் அவளுக்குப் புரிய வேண்டுமே என்று தமிழிலேயே சொல்லி நிறுத்தியிருக்கிறேன். ஒத்துழைப்பதில்லை என்று எழுதியிருந்தேனே. நான் பார்த்த தாய்மார்களிலேயே சொன்னதை இவ்வளவு முழுசாகச் செய்தவள் இவள்தான்.

"நான் சொன்னது தப்பு," என்றேன். "நீங்க பேசுங்கோ. தமிழ்லயே பேசுங்கோ. எப்பவும் பேசற மாதிரி."

அவள் முகத்தில் ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தேன், அது வரவில்லை.

"இப்பம் தப்புங்கிய. அன்னைக்கு சரின்னிய. நாளைக்கு வேற ஒண்ணு சொல்லுவிய. மூணு மாசம் எம்பிள்ளைட்ட நான் பேசல டாக்டரம்மா. அவ எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பா. எனக்கு எப்படி இருக்கும்?"

மன்னிச்சுக்கோங்கோ என்று சொன்னேன். அது அந்த அறையில் மிகச் சிறிய வார்த்தையாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்தான் ஏணிவரை வந்து, "பாத்து எறங்குங்க, ரெண்டாவது படி ஆடும்," என்றாள்.

திங்கட்கிழமை தலைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டுவிடச் சொல்வார் என்றுகூட நினைத்தேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்: "ஒரே மொழி போதும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எந்த மொழி என்று நீ தாயிடம் கேட்டாயா?"

"இல்லை."

"அதுதான் தப்பு. தாளைக் கொடு, அந்த வரியை நீயே அடித்துவிடு."

அடித்தேன். ஒரே மொழி போதும் என்பதையும் இன்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைகள் இரண்டு மூன்று மொழிகளைத் தாங்குவார்கள். தங்களோடு யாரும் பேசாமல் இருப்பதைத்தான் தாங்க மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அவ்வளவு தெரிந்தவர்கள் எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாவது வாரம் அவள் நேரத்துக்கு வேறொரு குழந்தையைப் போடலாமா என்று கிளார்க் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஒரு மணி நேரம் அட்டைகளைத் தரம் பிரித்தேன். பனிச்சறுக்கு வண்டியையும் கணப்பையும் எடுத்துத் தனியே கட்டிவைத்தேன்.

நாலாவது வாரம் வந்தாள். எதுவும் நடக்காதது போல உட்கார்ந்து, "பஸ்ஸுல கூட்டம்," என்றாள். குழந்தையின் கையில் ஒரு துணிப்பை. உள்ளே பக்கிள்கள், தோல் துண்டுகள், வெட்டி மிஞ்சிய ரெக்சின். "இது இல்லாம வர மாட்டேன்னுட்டா," என்றாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "பேசிக்கிட்டுதான் இருக்கேன்," என்று சேர்த்துக்கொண்டாள்.

அன்று நான் கண்ணாடியையும் மெழுகுவத்தியையும் எடுக்கவில்லை. தரையில் பாய் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். "வீட்ல என்ன பண்ணுவேளோ அதைப் பண்ணுங்கோ," என்றேன். முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. என் மாட்டுங்காத் தமிழுக்கு முன்னால் தன் தமிழைப் பேசுவதில் வந்த கூச்சம் என்று நினைக்கிறேன். ஐந்து நிமிஷம் போனதும் என்னை மறந்துவிட்டாள்.

"ஏளா, அந்தப் பெருசை எடு. அது இல்லளா, பெருசு. ஆங், அதுதான். இத எங்கன வைக்கணும்? இங்கன வை. வாப்பா வந்தா கேப்பாவல்லா, எங்க எம்பக்கிள்னு..."

பேச்சு அப்படிக் கொட்டியது. கேள்வி, பதில், திட்டு, கொஞ்சல், இடையில் ஒரு இழுவை. ஒரே வார்த்தை நாலு விதமாகத் திரும்பித் திரும்பி வந்தது. நான் இரண்டு வருஷம் படித்து, அட்டை அட்டையாகச் செய்யப் பார்த்ததை அவள் பக்கிளை வைத்துச் செய்துகொண்டிருந்தாள். குழந்தை அவள் வாயையே பார்த்தது. நான் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு விளையாட்டில் சேர்ந்துகொண்டேன். என் முறை வந்தபோது ஒரு பக்கிளை எடுத்துச் சின்னவற்றின் வரிசையில் வைத்தேன்.

குழந்தை என் கையைத் தட்டிவிட்டது. "அது இல்ல," என்றது.

இரண்டு வார்த்தை. சேர்த்து. தாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் கலைந்துவிடும் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. "அப்ப எது?" என்று தாய் கேட்டாள், பசை தடவும்போது கேட்பது போல. குழந்தை சரியான பக்கிளை எடுத்து வைத்தது. "இது."

அதன்பிறகு எல்லாம் சரசரவென்று நடந்துவிடவில்லை. மழைக்காலம் முடியும்வரை இரண்டு வார்த்தை சேர்ப்பதோடு நின்றது. தீபாவளிக்குப் பிறகு மூன்றானது. 'ர'வும் 'ள'வும் அவளுக்குப் பிடிபட ஒன்றரை வருஷம் ஆனது. சில வாரங்கள் பேச்சு வந்தது போல இருந்து மறுபடி போனது. ஆனால் கையைப் பிடித்து இழுப்பது நின்றுவிட்டது. வேண்டியதைக் கேட்டாள். கொடுக்காவிட்டால் சண்டை போட்டாள்.

நடுவில் ஒரு நாள் தகப்பனாரும் பட்டறையை விட்டுவிட்டு அவர்களோடு வந்தார். கோபமாக வந்தார் என்று சொல்ல முடியாது, குழம்பி வந்தார். "நீங்க சொன்னதாலதான் ஹிந்தின்னு இருந்தோம். இப்பம் தமிழ்னு சொல்லுதிய. தமிழ் பேசி இந்த ஊர்ல இவ என்ன பண்ணுவா? நான் யாவாரிங்கட்ட பேசித்தான் பொழைக்கேன். ஹிந்தி தெரியாமப் போனா என்னைய மாதிரி அவளும் முதல்ல முழிக்கணும்."

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பேசினாள். கணவரை எதிர்த்து அவள் பேசியதை நான் அதுவரை கேட்டதில்லை.

"அவ முதல்ல பேசட்டும். பேசத் தெரிஞ்சிட்டா பொறவு எந்தப் பாஷைய வேணும்னாலும் பேசிக்கிடுவா. நீங்க ஊர்லேருந்து வரும்போது ஹிந்தி தெரிஞ்சுக்கிட்டா வந்திய?"

அவர் குழந்தையைப் பார்த்து, "வாப்பாட்ட என்ன விளையாட்டுன்னு சொல்லு," என்று தமிழில் கேட்டார்.

ஆறரை வயதில் அவளைத் தாராவியிலேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஹிந்தியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சந்தில் விளையாடும் பிள்ளைகளிடமிருந்து அதுவாக வந்தது. முதலில் வந்தவை சொல்லக் கூடாத வார்த்தைகள் என்று தாய் வெட்கத்தோடு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதில் மெதுவாக இருந்தாள். மந்தபுத்தி என்று மட்டும் அதன்பிறகு யாரும் சொல்லவில்லை. கேள்வி கேட்டே தொந்தரவு செய்கிறாள் என்றுதான் அவளுடைய டீச்சர் புகார் சொன்னாராம்.

கடைசியாக அவர்கள் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இனி வாராவாரம் வர வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று எழுதிக்கொடுத்தேன். தாயின் மடியில் புதிதாக ஒரு ஆண் குழந்தை. எட்டு மாதம் இருக்கும். மூத்தவள் அவன் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே பள்ளிக்கூடத்தில் யாரோ பென்சிலைத் திருடிய கதையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். முடிவே இல்லாத கதை.

தாளை வாங்கிக்கொண்டு எழுந்த தாய், வாசலில் நின்று திரும்பினாள். என் தவறைப் பற்றி அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. மன்னித்தேன் என்றும் சொன்னதில்லை.

"டாக்டரம்மா, இவன்ட்ட எதுல பேசட்டும்?" என்று கைக்குழந்தையைக் காட்டிக் கேட்டாள்.

நான் நிதானமாக யோசித்துச் சொன்னேன். "உங்களுக்கு எதுல தாராளமா வருதோ, அதுல பேசுங்கோ."

"அது எனக்கே தெரியும்," என்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. "நீங்க என்ன சொல்லுதியன்னு பாத்தேன்."